சீவுகிறவளும் கட்டுகிறவளும்

வேப்பனப்பள்ளி தோட்டம்
8.7.2025

அன்புள்ள நிகத்துக்கு,

ஜோதி அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்துக்கொள். இந்தத் தோட்டத்தில் டவர் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். ஏறினாலும் ஆந்திரா டவர்தான் வந்து தெலுங்கில் பேசுகிறது. அதையும் மீறி உன் நம்பரைப் பிடித்தால் சல்மான் எடுத்து, "என் கடைல இருக்கேங்கா, வூட்டுக்குப் போனதும் தரேன்" என்கிறார். வீட்டுக்கு ஒரே போன், அதையும் புருஷன் சட்டைப்பையில் போட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் நீ ஒருத்திதான். அதனால் மாரிசாமி டெம்போவில் செடியோடு செடியாக இதையும் ஏற்றுகிறேன். அவர் பிரித்துப் படிக்க மாட்டார். படிக்கிற ஆசை இருந்தால் அவர் ஏன் டெம்போ ஓட்டுகிறார்?

இங்கே வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கால் தரிக்கவில்லை. மாஞ்செடிப் பாத்திக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். முதலாளி உன்னைச் சூளகிரிக் கடையிலும் என்னை இந்தத் தோட்டத்திலும் பிரித்து வைத்தது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. "அடுத்த சீசன்லேந்து சர்டிபிகேட் இருக்கறவங்கதான் ஒட்டுப் போடணும், பெரிய தோட்டக்காரங்கல்லாம் கேக்கறாங்க" என்று அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாம் என்ன, தனித்தனியாகவா வேலை கற்றோம்? நான் கத்தியால் குச்சியைச் சீவி, நாற்றைப் பிளந்து செருகிக் கொடுப்பேன். நீ வாங்கி நாடாவைச் சுற்றிக் கட்டி, ஐஸ் கவரைக் குல்லாவாக மாட்டி வைப்பாய். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த நர்சரிக்குப் போனாலும் ஜோடி ஜோடியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சர்டிபிகேட் தேர்வில் மட்டும் ஒவ்வொருத்தியும் தானே போட்ட பத்துச் செடியோடு வர வேண்டுமாம். அவர்கள் கண் முன்னாலும் ஒன்று தனியாகப் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

எனக்குப் பயமில்லை. கட்டுவது என்ன பெரிய வித்தையா? நான்கு சுற்று, ஒரு முடிச்சு. உன்னை நினைத்தால்தான் கவலை. வெங்காயம் அரிந்தாலே விரலை வெட்டிக்கொள்கிறவள் கையில் ஒட்டுக் கத்தியா? பார்த்து, புள்ள. சான்றிதழ் இல்லையென்றால் இரண்டு பேருக்கும் தண்ணீர்க் குழாய் பிடிக்கிற வேலைதான். எனக்கு அது செத்தாலும் ஆகாது.

ஜைபாவுக்கு என் முத்தம்.

உன்
ஜோதிமணி


சூளகிரி
14.7.2025

பிரியமுள்ள ஜோதி அக்காவுக்கு நிகத்தின் ஸலாம்.

கடிதம் வந்தது. ஒரு சப்போட்டாச் செடியின் கவட்டையில் சொருகியிருந்தது. மண் ஒட்டியிருந்ததால் சில வரிகளை ஊகித்துத்தான் படித்தேன். நீங்கள் திட்டுகிற இடங்கள் மட்டும் நன்றாகத் தெரிந்தன.

சொன்னபடியே கட்டை விரலை வெட்டிக்கொண்டேன். முதல் நாளே. ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சரிவாகச் சீவ வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் வழுவழுவென்று வந்தால் மறுபக்கம் எலி கடித்த மாதிரி வருகிறது. பகலெல்லாம் கடையில் பெங்களூர்க் கார்களுக்குக் குரோட்டன்ஸ் தூக்கி வைத்துவிட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் பின்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்து சீவுகிறேன். வேப்பங்குச்சி, முருங்கைக்குச்சி, கையில் எது கிடைத்தாலும் சீவுகிறேன். ஜைபாவின் பென்சிலைக்கூட விடவில்லை. அவள் டீச்சரிடம் சொல்லிவிட்டாள்.

நேற்று ஒருவர் வந்து இருபது மாஞ்செடி கேட்டார். முதலாளி அவரிடம், "எங்க ஜோதிமணி கை ஒட்டு சார், ஒண்ணுகூட பட்டுப்போவாது, கண்ண மூடிக்கிட்டு நட்டுடுங்க" என்றார். அவருக்கும் சந்தோஷம், வாங்கிப் போனார். நான்தான் காரில் ஏற்றினேன்.

நீங்கள் இல்லாமல் மதியச் சாப்பாடு ருசிக்கவில்லை. உங்கள் ஊர்க் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காருவேனே, அதற்காகவாவது வாருங்கள். கந்தன் அண்ணன் கம்பெனி ஷிப்ட் முடிந்து போகும்போது கடை வழியாகத்தான் போகிறார். நன்றாக இருக்கிறார், உங்கள் சமையல் இல்லாமலும் இளைக்கவில்லை.

அன்புடன்
நிகத்


வேப்பனப்பள்ளி
29.7.2025

நிகத்து,

மனசு சரியில்லை, அதனால் நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போட்ட பத்தும் போய்விட்டது. ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. குல்லாவைக் கழற்றினால் குச்சி கறுத்து நிற்கிறது.

முதலில் நாடா மட்டமானது என்றேன். அப்புறம் காற்று என்றேன். கூட வேலை பார்க்கிற சென்னம்மாவின் கண்ணேறு என்றும் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளாமல் வந்து ஒன்றை அவிழ்த்து, "ஏனம்மா, ஒளகே நீரு நின்னுட்டு இருக்குதே, பாரு" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்த்தேன். சீவின இடம் அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கிறது. என் சீவலில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே தண்ணீர்.

கட்டும்போது ஒரு கையால் குச்சியைப் பிடித்தால் மறு கை நாடாவை இழுக்கப் போதவில்லை. இறுக்கினால் குச்சி நகர்ந்துவிடுகிறது. நகரக் கூடாதென்று பார்த்தால் நாடா தளர்ந்துவிடுகிறது. உனக்கு மட்டும் மூன்றாவது கை எங்கே இருந்தது?

எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்கிறேன், இறங்குகிறேன், திரும்பவும் கத்தியை எடுக்கிறேன். நீ எப்படிக் கட்டுவாய் என்று எழுது. ஒன்று விடாமல் எழுது.

ஜோதிமணி


சூளகிரி
6.8.2025

அன்புள்ள அக்கா,

கவலைப்படாதீர்கள், முதல் தடவை எல்லாருக்கும் போகும். நான் முதல் வாரம் போட்டதும் முழுக்கப் போனது. நான் வெட்கப்பட்டு உங்களுக்கு எழுதவில்லை.

கட்டுவதைச் சொல்கிறேன். நீங்கள் மேலிருந்து கீழே சுற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்கிற மாதிரி, மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறி உட்கார்ந்தால்தான் தண்ணீர் வழிந்து போகும். மாற்றிச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் பிடிக்கும். குச்சியைக் கையால் பிடிக்காதீர்கள். முதல் சுற்றின் நுனியைப் பெருவிரலுக்கு அடியில் அமுக்கி, நாற்றுப் பையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளுங்கள். இழுக்கும்போது நாடாதான் குச்சியைப் பிடிக்க வேண்டும். கேட்டால் சுலபமாக இருக்கும். எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஒரு சந்தோஷமும் சொல்ல வேண்டும். நேற்று காலை கொட்டகைக்குப் போனேன். நான் சீவி நானே கட்டியதில் இரண்டு துளிர் விட்டிருக்கிறது அக்கா. செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னாச்சும்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்று. அத்திப்பள்ளியில் பெரிய நர்சரி நடத்துகிறவர் செடி வாங்க வந்தார். சான்றிதழ் கிடைத்தால் தன்னிடம் வந்து சேரச் சொன்னார். சல்மானிடம் இன்னும் சொல்லவில்லை. ரோட்டில் பெங்களூர் பஸ் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். அத்திப்பள்ளி தாண்டித்தானே போகிறது. இத்தனை நாள் இந்த பஸ் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

நிகத்


வேப்பனப்பள்ளி
19.8.2025

அன்புள்ள நிகத்து,

துளிர் விட்டது கேட்டுச் சந்தோஷம். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், முதலில் சந்தோஷம்தான், அப்புறம்தான் வயிறு எரிந்தது. இரண்டும் உண்மை.

நீ சொன்னபடி ஓடு வேய்கிற மாதிரியே சுற்றினேன். முழங்காலில் இடுக்கினேன். எல்லாம் செய்தேன். இரண்டாவது தடவையும் போய்விட்டது. ஒன்றே ஒன்று பச்சை காட்டிக்கொண்டு நிற்கிறது, அதுவும் பிழைக்குமா என்று தெரியவில்லை. என் விரலுக்கு இது வரவில்லை, புள்ள. சீவும்போது என் கைக்குக் கண் இருக்கிறது. கட்டும்போது குருடாகிவிடுகிறது.

தேர்வு அடுத்த மாதம் பதினேழாம் தேதி. துளிர்க்க மூன்று வாரம் வேண்டும். அப்படியென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டாக வேண்டும். யோசித்து யோசித்து மண்டை காய்ந்து கேட்கிறேன். ஞாயிறு காலை மாரிசாமி காலி டிரே ஏற்ற வருகிறார், அவரோடு ஏறி வா. நான் சீவித் தருகிறேன், நீ பத்தே பத்து கட்டிக் கொடு. மதியச் சாப்பாடு என் கையால். சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ்ஸில் நானே ஏற்றி விடுகிறேன். யாருக்குத் தெரியப் போகிறது? வழக்கமாகச் செய்கிறதுதானே? அவர்கள் முன்னால் போடுகிற ஒன்றை எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்.

மாட்டேன் என்று சொல்லிவிடாதே. குழாய் பிடிக்கிறவளாக என்னை நான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அங்கே கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும், "இதுதான் ஜோதிமணியா, ஒட்டுப் போடறவங்களா" என்று கேட்டுவிட்டு என் கையைப் பார்ப்பார்கள். அந்தக் கையில் குழாயா?

உனக்காகக் காத்திருக்கும்
ஜோதி அக்கா


வேப்பனப்பள்ளி
25.8.2025

நிகத்து,

ஞாயிறு டெம்போ வந்தது. காலி டிரேதான் வந்தது. பத்துக் குச்சியைச் சீவி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் நானே கட்டினேன். நீ வரவில்லை, சரி. ஒரு வரி எழுதக்கூடவா கை வரவில்லை?

ஜோதிமணி


சூளகிரி
28.8.2025

ஜோதி அக்காவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் மாரிசாமி அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஞாயிறு காலை கிளம்பத்தான் செய்தேன். ஜைபாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டு ரோடு வரை வந்தேன். டெம்போ நின்றது. "ஏறும்மா" என்றார். நான் ஏறவில்லை.

பயத்தால் இல்லை அக்கா. மாட்டிக்கொள்வோம் என்றும் நினைக்கவில்லை. வழக்கமாகச் செய்கிறதுதானே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னைக் குத்திவிட்டது. வழக்கமாகத்தான் செய்தேன். ஆறு வருஷமாக நான் கட்டிய செடி எல்லாம் ஜோதிமணி கை ஒட்டு என்றுதான் போயிருக்கிறது. முதலாளி சொல்வார், வாங்குகிறவர் சொல்வார், உங்களுக்கும் அது இனிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒரு பெயர் உண்டு என்று நீங்கள் ஒரு நாளும் திருத்திச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. உங்கள் மேல் வைத்த பிரியத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சான்றிதழ் வந்தால் அதில் நிகத் என்று ஒரு பெயர்தான் இருக்கும். அதற்காக விரலெல்லாம் கட்டுப்போட்டுக்கொண்டு திரிகிறேன். இப்போது போய் உங்கள் பெயருக்காக இன்னும் பத்து கட்டிக் கொடுத்தால், திரும்பவும் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துவிடுவேன். என்னால் முடியாது.

கோபப்படுங்கள். ஆனால் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

நிகத்


வேப்பனப்பள்ளி
26.9.2025

நிகத்துக்கு,

ஒரு மாதம் பேசாமல்தான் இருந்தேன். கிருஷ்ணகிரியில் தேர்வு ஹாலில் நீ என்னைப் பார்த்துச் சிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டீ குடிக்கிற இடத்தில் எனக்கும் ஒரு டம்ளர் வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாயே, அதையும் தொடவில்லை. அது ஆடை கட்டிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ பாஸ் என்று முதலாளி சொன்னார். நான் பெயில். உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

வாயால் கேட்ட கேள்வியிலேயே பாதி போயிருக்கும். வெயிலே வராத பால்கனிக்குச் செடி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றார்கள். வெயில் வராத வீட்டை ஏங்க வாங்கினீங்க என்று கேட்பேன் என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள், தேர்வு எடுத்த அம்மாவும் சிரித்தார், ஆனால் மார்க் போடவில்லை. பூச்சி மருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணம் என்றால் கடும் விஷம் என்பதைச் சரியாகச் சொன்னேன்.

அப்புறம் செடி. என் டிரேயில் இரண்டுதான் உயிரோடு இருந்தன. உன் டிரேயைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்துவிட்டேன். எதிரே உட்கார்ந்து ஒன்று போடச் சொன்னார்கள். நான் சீவினேன். அந்த அம்மா பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, இப்படித்தான் சீவணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து நாடாவை எடுத்தேன். குச்சி நழுவியது. மறுபடி செருகினேன். மறுபடி நழுவியது. அவர் நான் கட்டி முடித்ததை வாங்கி, ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். குச்சி சாய்ந்தது. "ஆறு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்றார். நல்ல மனுஷி, குரலில் ஒரு ஏளனமும் இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

இப்போது குழாய்தான் பிடிக்கிறேன். பர்கூரிலிருந்து நாகம்மாள் என்று சான்றிதழ் வைத்திருக்கிற ஒருத்தி வந்து என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சீவுவதைப் பார்க்க எனக்குக் கண் வலிக்கிறது.

உன் மேல் கோபம் போகவில்லை. நீ எழுதியதில் ஒரு வரியாவது பொய்யாக இருக்காதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை. அதுதான் பெரிய எரிச்சல். அந்த ஹாலில் குச்சி சாய்ந்தபோதுதான் உறைத்தது. உன் கையில் கொடுத்தபிறகு எந்தச் செடியையும் நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

முதலாளியிடம் பேசிவிட்டேன். சான்றிதழ் இருக்கிறவள் சீவினால், பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகிறவளுக்கு அது வேண்டியதில்லையாம். நாகம்மாளை வேறு பக்கம் போடுகிறேன் என்றார். நீ இங்கே வந்துவிடு. நீ சீவு, நான் கட்டுகிறேன். எனக்குக் கட்ட வராது என்று உனக்குத் தெரியும். திட்டு. திட்டியே பழக்கு. வாங்குகிறவர்களிடம் இது நிகத் ஒட்டு என்று நானே சொல்கிறேன், ஊர் கேட்கச் சொல்கிறேன். அத்திப்பள்ளிக்கு மட்டும் போகாதே. நீ அந்தப் பக்கம் போய்விட்டால் எனக்கு இந்த வேலையில் யார் இருக்கிறார்கள்? கெஞ்சுவது எனக்கு வராத விஷயம். கெஞ்சுகிறேன்.

ஜோதிமணி


அத்திப்பள்ளி
12.10.2025

என் ஜோதி அக்காவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். ஒண்ணாம் தேதி சேர்ந்துவிட்டேன். உங்கள் கடிதம் சூளகிரிக் கடைக்குப் போய், மாரிசாமி அண்ணன் சல்மானிடம் கொடுத்து, நான் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தபோது கைக்குக் கிடைத்தது. சல்மான் முதலில் முறுக்கிக்கொண்டார். அப்புறம் அவரே எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, "இனிமே ஜோதிக்கா என்னைத் திட்ட முடியாது" என்றார். நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் இதைக் கடிதமாகத்தான் சொல்ல முடிந்தது.

நான் திரும்பி வரமாட்டேன் அக்கா. நீங்கள் கெஞ்சியதைப் படித்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீங்கள் எனக்கு நாடா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், நிகத் ஒட்டு என்று சொல்வதையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் இனித்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் பொறுக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடம் எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும். அங்கே உங்களை உட்கார வைக்க எனக்கு மனசு வராது. அவ்வளவு நன்றாகச் சீவுகிற கை கத்தி பிடிக்காமல் இருக்கவும் கூடாது.

இங்கேயும் ஜோடியாகத்தான் உட்கார வைத்தார்கள். எனக்குக் கட்டுவதற்குப் பூங்கொடி என்று ஒரு பெண். ஒரு நாள் நான் சீவுவேன், மறுநாள் நீ சீவ வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் முதல் நாளே அழுதுவிட்டாள். மேஸ்திரி வந்து, "ஏம்மா, வேல நடக்கணுமா வேணாமா?" என்று சத்தம் போட்டார். நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சீவி முடிக்கும்வரை இருந்தேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

அடுத்த தேர்வு மார்ச்சில் என்று விசாரித்துவிட்டேன். முதலாளியிடம் கேட்டு நாற்றும் குச்சியும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சூளகிரிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். கந்தன் அண்ணனையும் அழைத்து வாருங்கள், சல்மான் பிரியாணி போடுகிறேன் என்கிறார். வாசலில் பாய் போட்டு உட்காரலாம். நீங்கள் சீவுங்கள், நீங்களே கட்டுங்கள். பத்துப் போனால் இன்னும் பத்துப் போடுங்கள். நான் ஒன்றுகூடக் கட்டித் தரமாட்டேன். நீங்கள் கட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவும் மாட்டேன்.

உங்கள்
நிகத்